அம்மாவுக்குச் சோறு போடாத 18 நாள்

போன வருஷம் ஆடி மாசம் அம்மாவோட சுகர் ரிப்போர்ட் வந்தப்போ எச்பிஏ1சி 9.1. அதாவது கடைசி ரெண்டு மூணு மாசமா ரத்தத்துல சக்கரை சராசரியா எவ்ளோ இருந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட் அது, 6.5க்கு மேல போனாலே சுகர்னு கணக்கு, இது 9ஐத் தாண்டி நிக்குது. அன்னிக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் போன்ல வீடியோவா பாத்தேன். எல்லாரும் ஒரே விஷயத்ததான் சொன்னாங்க, மாவுச்சத்துதான் வில்லன், அரிசிய நிறுத்துங்க, ஒரே மாசத்துல சுகர் ஓடிடும்னு. காலைல எந்திரிச்சு அம்மாகிட்ட சொல்லிட்டேன், இனிமே உனக்கு சோறு கிடையாதும்மான்னு.

அம்மா ஒண்ணும் சொல்லல. "செரி பாப்பா"ன்னாங்க, அவ்ளோதான்.

காலைல ரெண்டு முட்டை, மத்தியானம் காலிஃப்ளவரத் துருவி வதக்கி சோறு மாதிரி வச்சு அதுமேல சாம்பார், ராத்திரி ஒரு கிண்ணம் சூப்பு. எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சேன். நான் செய்யாம விட்டது ஒண்ணே ஒண்ணு, டாக்டருக்கு ஒரு போன். அம்மா பல வருஷமா போடுற மாத்திரைய அப்படியே போட்டுக்கிட்டு இருந்தாங்க, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அது என்ன மாத்திரை, உடம்புல என்ன பண்ணுதுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல.

18வது நாள் ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்ச நான் அம்மா ரூம்ல லைட்டு எரியறத பாத்து உள்ள போனேன். கட்டில் விளிம்புல உக்காந்திருக்காங்க, நைட்டி முழுக்க வேர்வையில நனைஞ்சிருக்கு, கை வெடவெடன்னு ஆடுது, என்னமோ சொல்றாங்க, வாய் குழறுது, என்னைய பாத்து எங்க பெரியம்மா பேர சொல்லிக் கூப்பிடுறாங்க. குளுக்கோமீட்டர எடுத்துக் குத்திப் பாத்தா 51. நல்லவேளையா முழுங்க முடிஞ்சுது. மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கிக் குடுத்தேன், கால் மணி நேரம் கழிச்சு 82, அப்புறம்தான் கண்ணுல வெளிச்சம் வந்துச்சு. அந்த நேரத்துக்கு அடுப்பு பத்தவச்சு ஒரு பிடி அரிசிய குழைய வடிச்சு மோர் ஊத்திப் பெசஞ்சு குடுத்தேன். அம்மா மூணாவது வாய் முழுங்கினப்போ அழுதாங்க. லோ சுகர்ல அழறாங்களா வேற எதுக்கா அழறாங்களான்னு எனக்கு அப்போ தெரியல, கேக்கவும் தைரியம் இல்ல.

காலைல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவரு கத்தல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மாத்திரைச் சீட்ட என் பக்கமா திருப்பி வச்சு விரலால காட்டினாரு. "இதுல மெட்ஃபார்மின் மட்டும் இல்லம்மா, கிளிமிபிரைடும் இருக்கு. இது நீங்க சாப்ட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்த இன்சுலின் சுரக்க வைக்கும். வர்ற இன்சுலினுக்கு வேலை குடுக்க சோறு இல்லன்னா அது ரத்தத்துல இருக்கறதையே இழுத்துத் தள்ளும். மாத்திரைய குறைக்காம சோத்த மட்டும் எப்படி நிறுத்துனீங்க?"

இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா பாதில படிச்சிட்டு போறவங்க இதையாவது எடுத்துட்டுப் போகணும். வீட்ல யாருக்காவது சுகர் மாத்திரை ஓடுது, இன்சுலின் ஊசி ஓடுதுன்னா, சாப்பாட்டுல மாவுச்சத்த சடார்னு குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க. குறைக்கக் கூடாதுன்னு சொல்லல. குறைச்சா மருந்தையும் குறைக்க வேண்டி வரலாம், எத எவ்ளோன்னு டாக்டர்தான் சொல்லணும். 70க்குக் கீழ போனா லோ சுகர், 54க்குக் கீழ போனா ஆபத்து, வயசானவங்களுக்கு தூக்கத்துல வந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியக்கூட தெரியாது.

அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். அதோட அம்மாவையும் ஒழுங்கா கேக்க ஆரம்பிச்சேன்.

அம்மா பொறந்தது பென்னாகரம் பக்கம் ஒரு மானாவாரி ஊர்ல. மழை பெஞ்சாத்தான் வெள்ளாமை, நெல்லுக்கு அங்க வழியே இல்ல. கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, மொச்சை இதுங்கதான். காலைல கூழு, ராத்திரி களி, நடுவுல எதுவும் கிடையாது. நெல்லுச்சோறுங்கறது தீபாவளிக்கும் பொங்கலுக்கும், யாராவது சம்பந்தி வீட்டு ஆளு வந்தா அன்னிக்கும். ஆயா அரிசிய களையும்போதே புள்ளைங்க எல்லாம் அடுப்ப சுத்தி வந்து உக்காந்துக்குமாம். "அன்னிக்கு கை கழுவ மாட்டோம் பாப்பா, மோந்து பாத்துக்கிட்டே தூங்கிடுவோம்"னு அம்மா சொன்னப்போ, நான் ஃபிரிட்ஜ்ல ஒட்டின பேப்பர் ஞாபகம் வந்து எனக்கு வயித்தப் பெசஞ்சுது. கல்யாணம் ஆகி சேலம் வந்து, அப்பாவுக்கு மில்லு வேலை, ரேஷன் கார்டு, மூணு வேளையும் வெள்ளச் சோறு. அம்மா வாழ்க்கையில முன்னேறுனாங்கன்னா அதுக்கு அவங்க கையில இருந்த சாட்சி அந்தத் தட்டுதான். அதத்தான் நான் எதுவும் கேக்காம புடுங்கிட்டேன்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. தமிழ்நாட்டு அரசியலே அரிசியச் சுத்தித்தான் ஓடிருக்கு. 1967ல அண்ணா ஆட்சிக்கு வந்தப்போ ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு சொன்னாங்க, அரிசிக்குப் பஞ்சமா இருந்த காலம் அது. 2008ல கிலோ ஒரு ரூபா ஆச்சு, 2011ல இருந்து ரேஷன்ல அரிசி இலவசம். இத யாராவது கிண்டலா பேசினா எனக்குக் கோவம் வரும். பசி தீந்தது சின்ன விஷயம் இல்ல, எங்க அம்மாவோட கூடப் பொறந்ததுல ரெண்டு பேரு சின்ன வயசுலயே போயிட்டாங்க, நோயினு சொல்வாங்க, பட்டினியும்தான் கூட இருந்துச்சு. ஆனா என்னாச்சுன்னா, கேழ்வரகும் சாமையும் தட்டுல இருந்து போனப்போ கூடவே கொள்ளும் மொச்சையும் கீரையும் அளவுல சுருங்கிடுச்சு. தட்டுல சோறு மலையாச்சு, மத்ததெல்லாம் ஓரத்துல தொட்டுக்க ஆச்சு. அதே நேரத்துல வயல் வேலை போயி, தண்ணி தூக்கறது போயி, ஆட்டுக்கல்லு போயி, டிவி முன்னாடி உக்காந்தாச்சு.

சரி, சோறு உள்ள போனா என்னதான் ஆகுது. நான் இத அம்மாவுக்கு எப்படி சொல்லிப் புரிய வச்சேன்னா, ஒரு வாய் வெறுஞ்சோறு, குழம்பு ரசம் எதுவும் இல்லாம, வாயில போட்டு முழுங்காம நல்லா ஒரு நிமிஷம் மென்னு பாருன்னு சொன்னேன். மென்னாங்க. கொஞ்ச நேரத்துல கண்ண விரிச்சு "இனிக்குது பாப்பா"ன்னாங்க. அதுதான் விஷயமே. மாவுச்சத்துங்கறது குளுக்கோஸ் குளுக்கோஸா கோத்த நீளமான சங்கிலி, எச்சில்ல இருக்கற அமைலேஸ்ங்கற நொதி அத வாயிலயே நறுக்க ஆரம்பிச்சிடுது. வயித்துல இருக்கற அமிலத்துல அது ஓஞ்சிடும், அப்புறம் சிறுகுடல்ல கணையத்துல இருந்து வர்ற அமைலேஸ் மிச்சத்த நறுக்கும், கடைசியா குடல் சுவத்துல ஒட்டியிருக்கற நொதிங்க ஒவ்வொண்ணா பிரிச்சு விடும், குளுக்கோஸ் ரத்தத்துக்குள்ள போகும். தனித்தனி குளுக்கோஸா ஆகாம மாவுச்சத்து அந்த சுவத்த தாண்டாது.

அம்மா பத்து வருஷமா சக்கரை போடாத டீதான் குடிக்கறாங்க. வீட்ல கேசரி செஞ்சா தொடவே மாட்டாங்க. இவ்ளோ கட்டுப்பாடா இருந்தும் ஏன் ஏறுதுன்னு அவங்களுக்கு ஒரே குழப்பம், தப்பு பண்ணாமலே திட்டு வாங்குற புள்ள மாதிரி ஒவ்வொரு தடவையும் லேப் ரிப்போர்ட்ட வாங்குவாங்க. நாம போடுற வெள்ளச் சக்கரையில பாதி குளுக்கோஸ், மீதி பாதி ஃபிரக்டோஸ். சோத்துல இருக்கற மாவுச்சத்து மொத்தமுமே குளுக்கோஸ். 1981ல டொராண்டோல டேவிட் ஜென்கின்ஸ்னு ஒருத்தரும் அவரோட குழுவும் எந்த சாப்பாடு எவ்ளோ வேகமா ரத்தத்துல சக்கரைய ஏத்துதுன்னு அளக்க கிளைசெமிக் இண்டெக்ஸ்னு ஒரு அளவு கொண்டுவந்தாங்க, சுத்த குளுக்கோஸ் 100. சென்னையில மெட்ராஸ் டயாபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்ல நம்ம அரிசிங்கள வச்சே அளந்து 2012ல போட்டாங்க, பொன்னி 70ஐ ஒட்டி, சோனா மசூரி 72, சுர்தி கோலம் 77. டேபிள் சக்கரையே 65 பக்கம்தான். இத நான் சொன்னப்போ அம்மா ரொம்ப நேரம் பேசல. "இத ஏன் இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லல"ன்னு கேட்டாங்க. எனக்கு அந்தக் கேள்வி இன்னும் வலிக்குது, ஏன்னா டாக்டர்கிட்ட போற அஞ்சு நிமிஷத்துல 'ஸ்வீட் சாப்பிடாதீங்க'ங்கறதுதான் எல்லாருக்கும் கிடைக்குது.

இன்னொரு கணக்கு என்னைய ரொம்ப யோசிக்க வச்சுது. ஒரு ஆளோட மொத்த ரத்தத்துலயும் சாதாரணமா ஓடுற குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். 100 கிராம் அரிசில மாவுச்சத்து 78 கிராம். அம்மா ஒரு வேளைக்கு சாப்ட்டது 150 கிராம் அரிசில வடிச்ச சோறு இருக்கும். அப்போ ஒரு டீஸ்பூன் ஓடுற ஓடைக்குள்ள ரெண்டு மூணு மணி நேரத்துல நூறு கிராமுக்கு மேல வந்து விழுது. இவ்வளவும் எங்கயாவது போய் சேரணும். கல்லீரல் ஒரு 100 கிராம் வரைக்கும் கிளைகோஜனா, அதாவது குளுக்கோஸ கோத்து வச்ச சேமிப்பா, சேத்து வைக்கும், தசைங்க எல்லாம் சேந்து ஒரு 400 கிராம். அந்தத் தசைதான் பெரிய குதிர். ஆனா குதிர் ஏற்கனவே ரொம்பியிருந்தா எங்க கொட்டறது? உடம்பு அசையாம இருந்தா குதிர் காலியாகறதே இல்ல, வயசாக ஆக குதிரே சின்னதாவும் ஆகுது. ஒண்ணு மட்டும் நமக்கு சாதகமா இருக்கு, தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸ இழுத்துக்கும். ஆயாவும் அம்மாவும் களிய உருண்டை உருண்டையா சாப்ட்டுட்டு காட்டுல குனிஞ்சு நிமிந்தாங்களே, அந்தக் களி எங்க போச்சுன்னா அங்கதான் போச்சு.

கேழ்வரகுன்னதும் ஒண்ணு சொல்லணும். சுகர்னு தெரிஞ்சதும் பாதிப் பேரு அரிசிய விட்டுட்டு கேப்பங்கஞ்சி, இல்ல மூணு வேளையும் சப்பாத்தின்னு மாறிடறாங்க. 100 கிராம் கேழ்வரகுல மாவுச்சத்து சுமார் 67 கிராம், கோதுமை மாவுல 64. அரிசியோட 78ஐ விட கம்மிதான், ஆனா மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இல்ல. நெஜமான வித்தியாசம் நார்ச்சத்துல, அரிசில 3 கிராம் கூட இல்ல, மத்த ரெண்டுலயும் 11 கிராம் பக்கம். ஆனா அந்த கேழ்வரகையே சல்லடையில சலிச்சு, நைசா அரைச்சு, தண்ணியா கஞ்சி காச்சி மடக்கு மடக்குனு குடிச்சா சீக்கிரமே ஏறிடும், மெல்ற வேலை கூட இல்லையே. அஞ்சு சப்பாத்தியும் அப்படித்தான். எங்க பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி ஆறு சப்பாத்தி சாப்ட்டுட்டு 'நான் சோறே தொடறதில்ல'ன்னு சொல்வாங்க, அவங்கள எப்படி நோகாம சொல்லிப் புரியவைக்கறதுன்னு இன்னும் தெரியல.

அப்புறம் கஞ்சிய வடிச்சுட்டா சுகர் ஏறாதுங்கற நம்பிக்கை. வடிக்கும்போது கொஞ்சம் மாவு போகும், ஆனா தட்டுல நிக்கறதுதான் பெரும்பங்கு. கூடவே பி வைட்டமின்களும் போகும், அதுல தயமின்ங்கறது மாவுச்சத்த எரிச்சு சக்தியா மாத்தவே வேணும். நல்லா தீட்டின வெள்ளை அரிசியவே நம்பி இருந்த ஊர்கள்ல பெரிபெரின்னு ஒரு நோய் வந்துச்சு, கால் மரத்துப்போயி, இதயம் வீங்கி சாவாங்க. அத ஆராயறதுக்காக 1918ல நம்ம குன்னூர்ல, பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரே ஒரு ரூம்ல ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பிச்ச சின்ன அமைப்புதான் பின்னாடி 1958ல ஹைதராபாத்துக்குப் போயி இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. நாடு முழுக்க என்ன சாப்பிடணும்னு சொல்ற நிறுவனத்தோட வேரே அரிசில வந்த ஒரு நோய்தான்னு தெரிஞ்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. நெல்ல ஊறவச்சு அவிச்சு காயப்போட்டு குத்தற புழுங்கல் அரிசி பழக்கம் இருந்த இடத்துல அந்த நோய் கம்மி, ஏன்னா அவிக்கும்போது தவிட்டுல இருக்கற வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடுது. புழுங்கல் அரிசிய கண்டுபிடிச்ச நம்ம பாட்டிங்க பேரு எங்கயும் இல்ல.

பழைய சோறு சுகருக்கு நல்லதுன்னும் இப்போ ரொம்ப பெருசா பேசறாங்க. வெந்த சோறு ஆறும்போது அவிழ்ந்த மாவுச்சத்து திரும்ப இறுகும், அதுல ஒரு பகுதி சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடல் வரைக்கும் போகும், அங்க இருக்கற நுண்ணுயிருங்க அத புளிக்க வச்சு ப்யூட்டிரேட் மாதிரி கொழுப்பு அமிலங்களா மாத்தும், அது குடல் சுவத்துக்கு நல்ல தீனி. இதெல்லாம் உண்மை. ஆனா அளவு எவ்ளோன்னு பாக்கணும் இல்லையா. இந்தோனேசியாவுல 2015ல அளந்தப்போ சுடுசோத்துல 100 கிராமுக்கு இப்படி செரிக்காத மாவு 0.64 கிராம், 24 மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு திரும்ப சூடு பண்ணதுல 1.65 கிராம். ரெண்டரை மடங்கு ஏறிடுச்சுன்னு தலைப்பு போடலாம், ஆனா மொத்தத்துல ஒரே ஒரு கிராம். மீதி சோறு சோறுதான். பழைய சோறு எனக்கும் உசிரு, வெயில் காலத்துல சின்ன வெங்காயத்தோட அத விட ஒண்ணு இல்ல, ஆனா சுகருக்கு மருந்துன்னு நெனச்சு ரெண்டு சட்டி குடிச்சுடாதீங்க.

நாடு முழுக்க சுகர் எத்தன பேருக்கு இருக்குன்னு பாத்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2023ல சொன்ன கணக்குப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர், இன்னும் 13 கோடிக்கு மேல எல்லையில நிக்கறாங்க. அதே ஆய்வுல சாப்பாட்டப் பத்தி பாத்தப்போ நம்ம ஆளுங்களுக்கு ஒரு நாள் கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருது. 2024ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட வழிகாட்டில தானியத்துல இருந்து 45 சதவீதத்துக்கு மேல வேணாம், மிச்சத்த பருப்பு, பயறு, காய், கொட்டை, பால்னு நிரப்புங்கன்னு சொல்லிருக்காங்க. பூஜ்யம்னு சொல்லவே இல்ல. உடம்பு தேவைப்பட்டா கல்லீரல்ல குளுக்கோஸ தானே செஞ்சுக்கும், அதனால மாவுச்சத்து ரொம்ப குறைச்ச சாப்பாட்டுல சிலர் நல்லாவே இருக்காங்க, மருத்துவர் கண்காணிப்புல. நான் அத பொய்னு சொல்ல வரல. 68 வயசுல, ஆயுசு முழுக்க நெல்லுச்சோத்துக்கு ஏங்கின ஒருத்தங்களுக்கு அது ஒத்து வருமாங்கறதுதான் கேள்வி.

அதனால நாங்க சோத்த திரும்ப கொண்டு வந்தோம், மாத்திரைய டாக்டர் மாத்திக் குடுத்தாரு, நானும் அம்மாவும் மத்தியானச் சாப்பாட்ட வச்சு வீட்டுலயே அளந்து பாத்தோம். அதே அரிசி, அதே கரண்டியில ரெண்டு. முதல் நாள் வழக்கம்போல சோத்துல ரசம் ஊத்தி, தொட்டுக்க ஒரு துண்டு அப்பளம், ரெண்டு மணி நேரத்துல 246. அடுத்த நாள் முதல்ல ஒரு கிண்ணம் பீன்ஸ் பொரியல், ஒரு கிண்ணம் கொள்ளு கடைஞ்சது, அத முடிச்சுட்டுத்தான் சோறு, 201. மூணாவது நாள் அதே மாதிரி சாப்ட்டுட்டு தெருக்கோடி பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு கால் மணி நேரம் நடந்துட்டு வந்தோம், 174. வீட்டு மீட்டர்ல 15 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன வரலாம், அதனால 10 புள்ளி ஏறினா எறங்கினா பதறக் கூடாது, ஆனா இது 10 புள்ளி இல்லையே. அப்புறமும் பல நாள் பாத்தோம், நம்பர் மாறுது, வரிசை மாறல. இந்த முறைய நியூயார்க்ல 2015ல 11 சுகர் நோயாளிகள வச்சு பாத்திருக்காங்க, காய்கறியும் கோழியும் முதல்ல சாப்ட்டுட்டு கால் மணி நேரம் கழிச்சு ரொட்டி சாப்ட்டா, ஒரு மணி நேரத்துல அளந்த சுகர் 37 சதவீதம் கம்மி. சின்ன ஆய்வுதான். ஆனா பைசா செலவில்லாத விஷயம், யாருக்கும் எதையும் புடுங்கல.

அம்மாவுக்கு இதுல கஷ்டம் எதுன்னா வரிசைதான். சோத்த கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு பொரியல மட்டும் எப்படி சாப்பிடறதுன்னு கேட்டாங்க. அதனால இப்போ சோறு அடுப்படிலயே இருக்கும், காய் முடிஞ்சப்புறம்தான் தட்டுக்கு வரும். ரெண்டு கரண்டி. புழுங்கல் அரிசிதான், வடிச்சதுதான், அம்மாவுக்கு குக்கர் சோறு பிடிக்காது. வாரத்துல ரெண்டு நாள் களி, சலிக்காத மாவுல, அம்மாவே கிண்டறாங்க, எனக்கு அந்த கை வலிமை வரல. களிக்கு கொள்ளு, இல்லன்னா அவரைப் பருப்பு போட்டு கீரை. களிய பாத்தா ஏழ்மை ஞாபகம் வருதுன்னு முதல்ல வேணாம்னாங்க, எங்க பையன் உருண்டைய நடுவுல குழிச்சு குழம்பு ஊத்தி சாப்பிடறத பாத்ததுல இருந்து அவங்களே கேழ்வரகு வாங்கிட்டு வரச் சொல்றாங்க.

மூணு மாசத்துல எச்பிஏ1சி 7.6. டாக்டர் இந்த வயசுக்கு இது பரவால்ல, இன்னும் ரொம்ப கீழ இறக்கணும்னு அவசரப்படாதீங்க, லோ சுகர் வராம இருக்கறது முக்கியம்னாரு. தலகாணிக்கு அடியில ஒரு சின்ன டப்பால சக்கரையும் ஒரு ஸ்பூனும் வச்சிருக்கோம், பக்கத்துல தண்ணி பாட்டில்.

இந்த தீபாவளிக்கு காலைல எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு வந்து அம்மா என்கிட்ட கேட்டாங்க, "பாப்பா, இன்னிக்கு மூணு கரண்டி போட்டுக்கட்டுமா?" போட்டோம். சாப்ட்டு முடிச்சதும் நான் சொல்லாமலே செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாங்க, பிள்ளையார் கோயில் வரைக்கும் போகலாம் வான்னு.